பாடவேளைக்குள் நுழையாத மடிக்கணினி: பெரு நாட்டு அனுபவம் குறித்த நிகழ்வு ஆய்வு

தென் அமெரிக்காவின் பெரு நாடு 2008ஆம் ஆண்டில், நாட்டுப்புறத் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு ஆளுக்கொரு மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் அரசு வாங்கிய கணினிகளின் எண்ணிக்கை 8 லட்சத்தைத் தாண்டியது. 'ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' என்ற உலகளாவிய இயக்கத்தின் கீழ் வேறெந்த நாடும் இந்த அளவுக்கு வாங்கியதில்லை. கணினிகள் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தன. குழந்தைகள் அவற்றைத் தொட்டார்கள், திறந்தார்கள், விருப்பத்தோடு பயன்படுத்தினார்கள். ஆனால் 15 மாதங்கள் கழித்துக் கணிதத்திலும் மொழியிலும் தேர்வு வைத்துப் பார்த்தபோது, கணினி பெற்ற பள்ளிகளுக்கும் பெறாத பள்ளிகளுக்கும் இடையே வேறுபாடு எதுவும் தென்படவில்லை. பத்தாண்டுகளின் பதிவுகளை எடுத்து மறுபடியும் பார்த்தபோதும் விடை மாறவில்லை.

இந்த முடிவு கல்வித் தொழில்நுட்ப விவாதங்களில் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. "பார்த்தீர்களா, கணினியால் பயனில்லை" என்று சொல்ல விரும்புவோர் ஒரு பக்கமும், "திட்டம் நல்லது, நிறைவேற்றியதில்தான் கோளாறு" என்று சொல்ல விரும்புவோர் மறுபக்கமும் இதையே சான்றாகக் காட்டுகின்றனர். இரண்டுமே அவசர முடிவுகள் என்பது என் கருத்து. என்ன நடந்தது என்பதைப் படிப்படியாகப் பார்த்தால், அந்தத் திட்டம் குழந்தைகளை எண்ணியது, கணினிகளை எண்ணியது, பள்ளிகளை எண்ணியது, ஆனால் பாடவேளை என்ற அலகை மட்டும் எங்கும் கணக்கில் எடுக்கவில்லை என்பது புலப்படும். இந்த ஆய்வு அந்த ஒரு விடுபடலைத்தான் பின்தொடர்கிறது.

கருத்து பிறந்த இடம்

திட்டத்தின் வேர் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இருக்கிறது. கணிதவியலாளரான சீமோர் பேப்பர்ட் 1960களின் பிற்பகுதியில் 'லோகோ' என்ற நிரல்மொழியைத் தம் சகாக்களுடன் உருவாக்கினார். கணினி குழந்தைக்குப் பாடம் புகட்டுவதற்குப் பதிலாக, குழந்தை கணினிக்குக் கட்டளையிட்டு, தன் கட்டளை எங்கே பிழைத்தது என்று தானே கண்டுபிடித்துத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதே அவருடைய அணுகுமுறை. கணிதத்தை ஒரு மொழிபோலப் பேசிப் பழகலாம் என்ற இந்தக் கருத்து ஆழமானது, இன்றும் நிற்பது. ஆனால் லோகோ வகுப்புகள் நடந்த இடங்களில், அந்தக் கருத்தை உள்வாங்கிய பெரியவர்கள் குழந்தையின் பக்கத்தில் அமர்ந்திருந்தார்கள். குழந்தையின் கட்டளைப்படி திரையில் நகரும் 'ஆமை' உருவத்தைக் காட்டி, "ஆமை ஏன் இடப்பக்கம் திரும்பியது?" என்று கேட்க ஒருவர் இருந்தார்.

அதே கழகத்தைச் சேர்ந்தவரும் 'ஒரு குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' இயக்கத்தைத் தொடங்கியவருமான நிக்கோலஸ் நெக்ரோபோண்டே 2005 ஜனவரியில் டாவோஸில் நடந்த உலகப் பொருளாதார மன்றக் கூட்டத்தில் 100 டாலர் மடிக்கணினி பற்றிய அறிவிப்பை வெளியிட்டார். அவ்வாண்டு நவம்பரில் துனிசியாவின் டூனிஸ் நகரில் நடந்த தகவல் சமூகம் குறித்த உலக மாநாட்டில், ஐக்கிய நாடுகள் அவையின் பொதுச் செயலர் கோஃபி அன்னானுடன் பச்சை நிறத்து மாதிரி ஒன்றை மேடையில் காட்டினார். மின்சாரம் இல்லாத ஊர்களுக்காகப் பக்கவாட்டில் பொருத்தியிருந்த கைச்சுழற்றி, அன்னான் சுழற்றியபோது கையோடு வந்துவிட்டது. உற்பத்திக்கு வந்த கணினியில் அந்தச் சுழற்றியும் இல்லை, 100 டாலர் விலையும் இல்லை. விலை ஏறக்குறைய 200 டாலரில் நின்றது.

கருவி என்ற அளவில் அது மதிக்கத்தக்க படைப்பு. வெயிலிலும் படிக்கக்கூடிய திரை, தூசும் நீரும் புகாத ரப்பர் விசைப்பலகை, மிகக் குறைந்த மின்செலவு, முயல் காதுபோல் நிமிரும் இரண்டு அலைவாங்கிகள், இணையம் இல்லாவிட்டாலும் பக்கத்துக் கணினியோடு பேசிக்கொள்ளும் வசதி ஆகியவை அதில் இருந்தன. இயக்கம் ஐந்து கொள்கைகளை வகுத்தது: கணினி குழந்தைக்கே சொந்தமாக வேண்டும், சிறு வயதிலேயே தர வேண்டும், ஒரு பகுதியில் எல்லாக் குழந்தைகளுக்கும் தர வேண்டும், இணைய இணைப்பு வேண்டும், மென்பொருள் கட்டற்றதாக இருக்க வேண்டும். ஐந்தையும் திரும்பத் திரும்பப் படித்தாலும் 'ஆசிரியர்' என்ற சொல் அவற்றில் எங்கும் வருவதில்லை. 2011இல் நெக்ரோபோண்டே, தொலைதூரக் கிராமங்களில் கைக்கணினிகளை (டேப்லெட்) ஹெலிகாப்டரிலிருந்து போட்டுவிட்டு ஓராண்டு கழித்துப் போய்ப் பார்க்கலாம் என்ற பொருள்படப் பேசியது பலருக்கு அதிர்ச்சியளித்தது. ஐந்து கொள்கைகளையும் கவனமாகப் படித்திருந்தவர்களுக்கு அதில் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை.

பெரு நாடு ஏன் இதைத் தேர்ந்தது

முடிவெடுத்தவர்கள் விவரமறியாதவர்கள் அல்லர். 2007இல் பெரு நாடு இரண்டாம் வகுப்பு மாணவர்களிடம் நாடு தழுவிய தேர்வு நடத்தியது. வாசிப்பில் எதிர்பார்த்த நிலையை எட்டியவர்கள் ஏறக்குறைய ஆறில் ஒருவர். கணிதத்தில் பத்தில் ஒருவர்கூட இல்லை. நாட்டுப்புறத்தில் நிலை இதைவிட மோசம். ஆண்டிஸ் மலைச் சரிவுகளிலும் அமேசான் காடுகளிலும் சிதறிக் கிடக்கும் ஊர்களில், ஒரே ஆசிரியர் ஆறு வகுப்புகளையும் ஒரே அறையில் வைத்து நடத்தும் பள்ளிகள் ஏராளம். நல்ல ஆசிரியரை அங்கே அனுப்பி நிலைத்திருக்கச் செய்வதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். கணினியை ஒரு பருவத்துக்குள் அனுப்பிவிடலாம். தலைநகர் லிமாவுக்கு அப்பால் மலைப்பகுதியில் உள்ள அரவாய் என்ற சிற்றூரில் 2007இல் நடந்த முன்னோட்டம், குழந்தைகளின் உற்சாகத்தைக் கண்ணுக்கு எதிரே காட்டியது. அன்றைய அதிபர் ஆலன் கார்சியாவின் அரசு திட்டத்தை விரிவாக்கியது.

மிக ஏழைப் பள்ளிகளுக்கே முதலில் என்ற முடிவு எடுக்கப்பட்டது. பல நாடுகளில் இத்தகைய திட்டங்கள் நகரத்தில் தொடங்கி நாட்டுப்புறம் போய்ச் சேருமுன் நிதி தீர்ந்து நின்றுவிடுவதை நினைத்தால், இந்த முடிவின் நேர்மையைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் அதன் மறுபக்கமும் உண்டு. மிக ஏழையான பள்ளி என்றால், இணையம் இல்லாத பள்ளி. கருவி பழுதானால் சரிசெய்ய ஆள் கிடைக்காத பள்ளி. அலுவலர் ஆண்டுக்கு ஒரு முறை வந்தாலே அதிகம் என்ற நிலையில் உள்ள பள்ளி. எந்த ஆசிரியருக்கு உதவி மிக அதிகமாகத் தேவைப்பட்டதோ, அவருக்கு உதவி எட்டாத தூரத்தில்தான் கணினிப் பெட்டி இறக்கப்பட்டது.

வகுப்பறைக்குள் நடந்தது

ஆசிரியர்களுக்கு 40 மணி நேரப் பயிற்சி திட்டமிடப்பட்டது. அதன் பெரும்பகுதி கணினியை இயக்குவது, செயலிகளைத் திறப்பது, சேமிப்பது ஆகியவற்றில் கழிந்தது. ஒவ்வொரு கணினியிலும் 39 செயலிகளும் 200 மின்னூல்களும் ஏற்றப்பட்டிருந்தன. எழுதவும், வரையவும், இசையமைக்கவும், படமெடுக்கவும், விளையாடவும், நிரல் எழுதவும் செயலிகள் இருந்தன. புத்தகமே இல்லாத வீட்டுக்கு 200 நூல்கள் போய்ச் சேர்வது சிறிய செய்தியல்ல.

இங்கே ஒரு பாடவேளையைக் கற்பனையாகவேனும் நிமிடம் நிமிடமாக நடத்திப் பார்ப்பது அவசியம். ஓர் அறை, ஓர் ஆசிரியர், மூன்று வகுப்புகளைச் சேர்ந்த இருபத்து நான்கு குழந்தைகள், நாற்பத்தைந்து நிமிடம் என்று கொள்வோம். நான்காம் வகுப்புக்கு அன்றைய பாடம் பின்னங்கள். அலமாரியைத் திறந்து கணினிகளை எடுத்துக் கொடுத்து, எல்லாம் இயங்கத் தொடங்குவதற்கு ஏழெட்டு நிமிடம் போகும். இரண்டில் மின்னேற்றம் இல்லை. ஒன்றில் தொடுதளம் தாறுமாறாகத் துள்ளுகிறது. (அந்தக் கணினியின் தொடுதளம் இதற்குப் பேர்போனது.) மீதமிருக்கும் நேரத்தில் ஆசிரியர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: பாடநூலின் இந்தப் பக்கத்துக்கு, இந்த 39 செயலிகளில் எது? அந்தக் கேள்விக்குப் பயிற்சியிலும் விடையில்லை, கையேட்டிலும் விடையில்லை, பாடநூலிலும் விடையில்லை. பின்னத்தைப் படம் வரைந்து விளக்கலாம். ஆனால் அதற்குக் கரும்பலகையே வேகமானது. நிரல்மொழியில் ஒரு வட்டத்தை எட்டாகப் பிரிக்கச் சொல்லலாம். அது அருமையான பயிற்சி, ஆனால் அதற்கு ஆசிரியருக்கே அந்த மொழி தெரிந்திருக்க வேண்டும், ஒரு பாடவேளை போதாது, தேர்வும் அதைக் கேட்காது. மற்ற இரண்டு வகுப்புக் குழந்தைகளும் இதற்கிடையே காத்திருக்கிறார்கள்.

இந்த நெருக்கடியில் விவேகமான ஆசிரியர் என்ன செய்வாரோ அதையே அவர்கள் செய்தார்கள். கரும்பலகையில் எழுதியதைக் கணினியில் படியெடுக்கச் சொன்னார்கள். அல்லது பாடம் முடிந்த குழந்தைகளை விளையாட விட்டார்கள். நாளடைவில் கணினியை அலமாரியிலேயே விட்டுவைத்தார்கள். இதைச் சோம்பல் என்றோ தொழில்நுட்ப அச்சம் என்றோ சொல்வது நியாயமில்லை. குறிப்பேட்டில் பத்து நிமிடத்தில் முடியும் வேலை கணினியில் இருபத்தைந்து நிமிடம் எடுத்து, விளைவும் ஒன்றாகவே இருந்தால், பாடத்திட்டத்தை முடிக்க வேண்டிய எந்த ஆசிரியரும் குறிப்பேட்டைத்தான் எடுப்பார்.

கணினி குழந்தைக்கே சொந்தம் என்ற கொள்கை வீட்டு வாசலில் நின்றுவிட்டது. ஆய்வு நடந்த பள்ளிகளில் ஏறத்தாழ 40 விழுக்காட்டுக் குழந்தைகளே கணினியை வீட்டுக்கு எடுத்துச் சென்றார்கள். உடைந்தால் யார் பொறுப்பு என்ற அச்சம் பெற்றோருக்கும் இருந்தது, பள்ளிக்கும் இருந்தது. ஓர் அரசுப் பொருள் பதிவேட்டில் ஏறிவிட்டால், அதைப் பத்திரமாகப் பூட்டிவைத்தவருக்குக் கேள்வி வராது. பயன்படுத்தி உடைத்தவருக்கே விளக்கக் கடிதம். கல்வித் தொழில்நுட்பத்தின் தலைவிதியைப் பல இடங்களில் தீர்மானிப்பது இந்தப் பதிவேடுதான் என்பதை அறிக்கைகள் அதிகம் பேசுவதில்லை.

அளந்தபோது தெரிந்தது

பெரு அரசைப் பாராட்ட வேண்டிய இடம் ஒன்று உண்டு. அளப்பதற்கு அது இடம் கொடுத்தது. தகுதியுள்ள பள்ளிகளில் எவற்றுக்கு முதலில் கணினி போகும் என்பது குலுக்கல் முறையில் முடிவானது. ஆகவே பெற்ற பள்ளிகளையும் பெறாத பள்ளிகளையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. அமெரிக்க நாடுகளுக்கிடையேயான வளர்ச்சி வங்கியைச் சேர்ந்த ஹூலியன் கிறிஸ்தியாவும் சக ஆய்வாளர்களும் நடத்திய இந்த மதிப்பீடு 2012இல் முதலில் வெளிவந்து, 318 நாட்டுப்புறத் தொடக்கப் பள்ளிகளின் தரவுகளோடு 2017இல் ஆய்விதழில் இறுதி வடிவம் பெற்றது.

முதல் எண்ணைக் கவனிக்க வேண்டும். ஒரு மாணவருக்கு 0.12 கணினி என்றிருந்த நிலை, திட்டப் பள்ளிகளில் 1.18 ஆக உயர்ந்தது. அதாவது எட்டுக் குழந்தைகளுக்கு ஒன்று என்பதிலிருந்து ஆளுக்கு ஒன்றுக்கும் மேல். கொள்முதலும் விநியோகமும் தோற்றுவிட்டன என்று சொல்ல இதில் இடமே இல்லை. பள்ளியிலும் வீட்டிலும் கணினிப் பயன்பாடு கணிசமாக உயர்ந்ததும் பதிவாகியுள்ளது. கணினிகளே தம்முள் சேமித்து வைத்திருந்த பயன்பாட்டுப் பதிவுகளை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்ததால், "பயன்படுத்துகிறோம்" என்ற வாய்ச்சொல்லை மட்டும் அவர்கள் நம்பவில்லை. எழுதும் செயலி, படமும் ஒலியும் பதியும் செயலி, இசை, விளையாட்டு ஆகியவற்றிலேயே பெரும்பகுதி நேரம் சென்றிருந்தது. பேப்பர்ட் கனவு கண்ட நிரலாக்கத்துக்கு மிகச் சிறு பங்கே கிடைத்தது.

அடுத்து வருவது விளைவு. கணிதம், மொழித் தேர்வுகளில் மாற்றம் இல்லை. பள்ளிச் சேர்க்கையிலும் வருகையிலும் மாற்றம் இல்லை. வீட்டுப்பாடத்துக்குச் செலவிடும் நேரம் கூடவில்லை. 200 மின்னூல்கள் கையில் இருந்தும் வாசிப்புப் பழக்கம் மாறவில்லை என்பதுதான் எனக்கு எல்லாவற்றிலும் கூர்மையாகப் படும் கண்டுபிடிப்பு. நூல் இல்லாததால் படிக்கவில்லை என்ற எளிய விளக்கத்தை அது உடைத்துவிடுகிறது. படித்ததைப் பற்றி மறுநாள் ஒருவர் கேட்பார் என்ற எதிர்பார்ப்பு இல்லாத இடத்தில், 200 நூல்களும் சேமிப்பகத்தில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் கோப்புகளே. பொதுவான அறிதிறன் சோதனைகளில் சிறு முன்னேற்றம் இருக்கலாம் என்ற குறிப்பு முதல் அறிக்கையில் சற்று உரக்க ஒலித்தது. இறுதி வடிவத்தில் அது உறுதியற்ற சான்று என்ற அளவுக்கு அடங்கிவிட்டது.

15 மாதம் குறுகிய காலம், பலன் மெல்ல வரும் என்று வாதிட்டவர்களுக்கு 2024இல் பதில் கிடைத்தது. 531 பள்ளிகளைப் பத்தாண்டுத் தரவுகளோடு ஆராய்ந்த தொடராய்வு, கல்வித் தேர்ச்சியில் குறிப்பிடத்தக்க விளைவு எதையும் காணவில்லை. தொடக்கக் கல்வியையும் உயர்நிலைக் கல்வியையும் முடித்தவர்களின் அளவிலும், பல்கலைக்கழகம் சென்றவர்களின் அளவிலும் மாற்றம் இல்லை. வகுப்பு விட்டு வகுப்பு உரிய காலத்தில் மேலேறுவதில் சற்றே பாதகமான அறிகுறிகூடத் தென்பட்டது. மாணவர்களின் கணினித் திறன் உயர்ந்திருந்தது. ஆசிரியர்களின் கணினித் திறன் உயரவில்லை. வகுப்பறையில் அவர்களின் பயன்பாடும் குறைவாகவே இருந்தது. குழந்தை ஒரு திசையிலும் பாடவேளை வேறொரு திசையிலும் போயிருக்கின்றன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

உருகுவே ஒப்பீடு

பெரு நாட்டின் முடிவை விளக்கப் பலர் முதலில் சுட்டுவது உள்கட்டமைப்பை: இணையம் இல்லை, பழுதுபார்க்கும் ஏற்பாடு இல்லை, ஆகவே பலன் இல்லை. இந்த விளக்கம் சரிதானா என்று சோதிக்க நல்வாய்ப்பாக அதே கண்டத்தில் ஒரு நாடு இருக்கிறது.

உருகுவே 2007இல் அதே கணினியோடு 'செய்பால்' திட்டத்தைத் தொடங்கியது. (செய்போ என்பது அந்நாட்டின் தேசிய மலர், நம் கல்யாண முருங்கையின் நெருங்கிய உறவு. செய்பால் என்றால் அம்மரங்களின் தோப்பு.) 2009 அக்டோபருக்குள் அரசுத் தொடக்கப் பள்ளிகளின் 3,62,000 மாணவர்களுக்கும் 18,000 ஆசிரியர்களுக்கும் கணினி கொடுத்து முடித்தது. சிறிய நாடு, சமவெளி, நல்ல மின்வசதி, பள்ளிகளுக்கு அரசுத் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் இணைய இணைப்பு, கணினியை வீட்டுக்குக் கொண்டுபோகும் உரிமை, உதவிக்குத் தன்னார்வலர் வலையமைப்பு என்று பெரு நாட்டுக்கு வாய்க்காத அனைத்தும் அங்கே இருந்தன. அப்படியிருந்தும் கணினிகள் பழுதாகிக் குவிந்த காலம் ஒன்று அங்கும் உண்டு. பழுதுபார்ப்பை ஒரு தனித்துறையாகவே வளர்த்த பிறகுதான் அது தணிந்தது.

முதற்கட்டத்தின் கற்றல் விளைவு என்ன? 2014இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, வெவ்வேறு பகுதிகளுக்குக் கணினி போய்ச் சேர்ந்த கால வேறுபாட்டைப் பயன்படுத்தி அளந்து, கணிதத்திலும் வாசிப்பிலும் விளைவு இல்லை என்றே கூறியது. இணையமும் இருந்து, பழுதுபார்ப்பும் இருந்து, விளைவு மட்டும் இல்லை. உள்கட்டமைப்பு தேவையானதே, ஆனால் அதுதான் விடுபட்ட கண்ணி என்ற வாதம் இந்த இடத்தில் நிற்காமல் போய்விடுகிறது.

உருகுவேயின் கதை அதோடு முடியவில்லை என்பதுதான் ஒப்பீட்டின் பயன். திட்டத்தை நடத்தியவர்கள் கணினி கொடுத்த கையோடு கலைந்துவிடவில்லை. பள்ளிக்குள்ளேயே சக ஆசிரியர்களுக்குத் துணைநிற்கும் உதவி ஆசிரியர் பணியிடங்கள் உருவாக்கப்பட்டன. பின்னர் இரண்டு முயற்சிகள் வந்தன. இரண்டுமே பாடவேளையிலிருந்து தொடங்கியவை.

முதலாவது, 2013இல் அறிமுகமான கணிதப் பயிற்சித் தளம். ஜெர்மனியில் உருவான ஒரு மென்பொருளை உருகுவே பாடத்திட்டத்துக்கு ஏற்ப மாற்றியமைத்தார்கள். ஆசிரியர் அன்றைய பாடத்துக்குரிய கணக்குகளை ஒதுக்குவார், மாணவர் போடுவார், தவறினால் எந்தப் படியில் தவறினார் என்று அக்கணமே தெரியும், வகுப்பில் யார் எங்கே சறுக்கினார்கள் என்பது ஆசிரியரின் திரையில் வந்துவிடும். 39 செயலிகளில் எது என்று தேட வேண்டிய நிலை இங்கே இல்லை. அதைவிட முக்கியம், முப்பது குறிப்பேடுகளைத் திருத்தும் சுமையை இது ஆசிரியரிடமிருந்து எடுத்துக்கொண்டது. கருவி ஆசிரியருக்கு நேரத்தைத் தந்ததே தவிர, அவரிடமிருந்து நேரத்தைக் கேட்கவில்லை. இத்தளத்தின் விளைவை அளந்த 2019ஆம் ஆண்டு ஆய்வு, கணிதத் தேர்ச்சி ஏறத்தாழ 0.2 திட்ட விலக்கம் (மதிப்பெண்களின் பரவலை அளக்கும் அலகு) உயர்ந்ததாகக் கணித்தது. நூறு பேர் வரிசையில் நடுவில் நின்ற மாணவர் எட்டு இடம் முன்னேறுவதற்கு அது சமம். மந்திரம் இல்லை, ஆனால் சுழியம் அல்ல.

இதே தர்க்கத்துக்குத் தில்லியிலிருந்தும் ஒரு சான்று உண்டு. 619 மாணவர்களிடம் நடந்து 2019இல் வெளியான ஆய்வில், ஒவ்வொருவரின் உண்மையான நிலையைக் கண்டறிந்து அங்கிருந்து பயிற்சி தரும் மென்பொருளை நான்கரை மாதம் பயன்படுத்திய பிறகு, கணிதத்தில் 0.37 திட்ட விலக்க முன்னேற்றமும் இந்தியில் 0.23 திட்ட விலக்க முன்னேற்றமும் காணப்பட்டன. ஆறாம் வகுப்பில் சேர்ந்த மாணவர் கணிதத்தில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்ததையும் அந்த ஆய்வு வெளிப்படுத்தியது. ஆனால் அது பள்ளி நேரத்துக்கு வெளியே, தனி மையத்தில், தனக்கென ஒதுக்கிய நேரத்தில் நடந்தது. நேரம் முதலில் ஒதுக்கப்பட்டது, பிறகே கணினி வந்தது என்ற வரிசையை இங்கும் காண்கிறோம்.

ஆங்கிலப் பாடவேளை

உருகுவேயின் இரண்டாவது முயற்சி எனக்கு இன்னும் சுவையானது. தொடக்கப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்க ஆசிரியர்கள் போதவில்லை. 2012இல் 20 பள்ளிகளில் முன்னோட்டமாகத் தொடங்கிய ஏற்பாடு, வாரத்துக்கு மூன்று பாடவேளைகளை இப்படிப் பிரித்தது. முதல் வேளையில் வேறோர் ஊரிலோ வேறொரு நாட்டிலோ இருக்கும் ஆங்கில ஆசிரியர் காணொளி இணைப்பு வழியே பெரிய திரையில் தோன்றிப் புதிய பாடத்தைத் தொடங்குவார். மற்ற இரண்டு வேளைகளில், ஆங்கிலம் அறியாத வகுப்பாசிரியரே, கைக்கு வந்துள்ள விரிவான பாடக்குறிப்பைப் பின்பற்றி மாணவர்களுக்குப் பயிற்சி தருவார். இருவரும் வாரந்தோறும் தமக்குள் பேசி அடுத்த பாடத்தை ஒருங்கிணைப்பார்கள்.

தனக்குத் தெரியாத மொழியை வகுப்பாசிரியர் எப்படிப் பயிற்றுவிப்பார் என்ற ஐயம் எழுவது இயல்பு. வடிவமைப்பின் நுட்பம் அங்கேதான் இருக்கிறது. தூரத்து ஆசிரியருக்கு மொழி தெரியும். ஆனால் எந்தக் குழந்தை இன்று சோர்ந்திருக்கிறது, எந்த இருவரைப் பக்கத்தில் உட்கார வைக்கக் கூடாது என்பது தெரியாது. வகுப்பாசிரியருக்கு அது தெரியும், மொழி தெரியாது. அவரவருக்குத் தெரிந்த பகுதியை அவரவரிடமே கொடுத்து வேலையைப் பிரித்தார்கள். வகுப்பாசிரியர் தாமும் மாணவர்களோடு சேர்ந்து கற்பவர் என்பதை ஒளிக்காமல் ஏற்றுக்கொண்டது, அவரை அவமதிப்பிலிருந்தும் காப்பாற்றியது. இதில் பயன்பட்ட தொழில்நுட்பம் ஒரு கேமரா, ஒரு திரை, ஒரு நம்பகமான இணைப்பு. உழைப்பு முழுவதும் மூன்று பாடவேளைகளின் ஒவ்வொரு நிமிடத்தையும் யார் நடத்துவது என்று எழுதிவைத்ததில் இருந்தது.

பள்ளிகள் மூடியபோது

2020இல் பெருந்தொற்று இரு நாடுகளின் ஏற்பாட்டையும் ஒரே கேள்வியால் சோதித்தது. உருகுவேயில் ஆசிரியர்களும் மாணவர்களும் ஏற்கெனவே பழகியிருந்த தளங்கள் இருந்ததால், வகுப்புகள் அவற்றுக்கு நகர்ந்தன. பெரு நாடு ஏப்ரலில் 'வீட்டில் கற்கிறேன்' என்ற திட்டத்தைத் தொலைக்காட்சி, வானொலி, இணையம் மூன்றின் வழியாகவும் தொடங்கியது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் கணினியை முதலில் பெற்ற அதே நாட்டுப்புறத்துக்கு இப்போது துணை நின்றது வானொலி. அவ்வாண்டே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட கைக்கணினிகள் வாங்க அரசு முடிவெடுத்தது. முதல் கொள்முதல் நடவடிக்கை ரத்தாகி, பெரும்பகுதிக் கருவிகள் அந்தக் கல்வியாண்டு முடியும் தறுவாயிலும் அதற்குப் பின்னருமே பள்ளிகளை எட்டின.

திட்டமிடுவோருக்கான குறிப்புகள்

ஒரு பள்ளியோ கல்வித் துறையோ கருவிகளுக்கு நிதி ஒதுக்கும்போது, பெரு நாட்டின் அனுபவத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு கேட்கத்தக்க முதற்கேள்வி, மாணவருக்கு எத்தனை கருவி என்பதன்று. எந்த வகுப்பின் எந்தப் பாடத்தின் எந்த அலகில், இப்போது எங்கே மாணவர்கள் தேங்குகிறார்கள், அந்தத் தேக்கத்தின் எந்தப் பகுதியைக் கருவி நீக்கும் என்பதே கேட்க வேண்டியது. விடை எழுத முடியாத அலகுக்குக் கருவி வேண்டியதில்லை. அங்கே கரும்பலகையே போதும் என்று எழுதிவைப்பதில் வெட்கப்படவும் தேவையில்லை.

ஆசிரியரின் நேரக் கணக்கையும் அதே தாளில் போட வேண்டும். கருவியைத் தயார்செய்ய ஏழு நிமிடம் போகுமானால், அந்த ஏழு நிமிடத்தை அது வேறெங்காவது, திருத்துவதிலோ மதிப்பெண் பதிவதிலோ, திருப்பித் தர வேண்டும். பயிற்சியைப் பொறுத்தவரை, 40 மணி நேரத்தை விடுமுறையில் ஒரே மூச்சாகக் கொடுப்பதைவிட, அதே 40 மணி நேரத்தை ஓராண்டின் வாரங்களில் பிரித்து, ஆசிரியர் அடுத்த வாரம் நடத்தப் போகும் பாடத்தையே எடுத்து ஒரு சக ஆசிரியரோடு ஒத்திகை பார்க்க விடுவது எத்தனையோ மேல் என்பது என் துணிபு. பதிவேட்டு விதியும் மாற வேண்டும்: ஆண்டுக்கு இத்தனை விழுக்காடு கருவிகள் பயன்பாட்டில் உடையும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, அதற்கு மாற்றுக் கருவிகளை ஒதுக்காவிட்டால், அலமாரிப் பூட்டு எந்தப் பயிற்சியையும் வென்றுவிடும்.

மதிப்பீட்டைத் தொடக்கத்திலேயே திட்டத்துக்குள் வைத்தது பெரு நாடு செய்த நல்ல காரியம். ஆனால் அளவீட்டின் முடிவு வரும் முன்பே கொள்முதல் லட்சங்களைத் தாண்டிவிட்டது. 318 பள்ளிகளில் கிடைத்த விடைக்காக ஓராண்டு பொறுத்திருந்தால், அடுத்த கட்டத்தின் பணம் கணினிக்குப் போயிருக்குமா, பாடக்குறிப்புக்கும் உதவி ஆசிரியருக்கும் போயிருக்குமா என்பது வேறு கதையாகியிருக்கும்.

பயன்பாட்டுப் பதிவுகளிலேயே அதற்கான தடயம் ஒன்று கிடந்தது. குழந்தைகள் தாமாக விரும்பித் திறந்தவற்றுள் படமும் ஒலியும் பதியும் செயலி ஒன்று. ஊரின் பாத்தியைப் படமெடுத்து அதன் நீள அகலத்தை அளந்து எழுதச் சொல்லும் கணிதப் பாடமோ, பாட்டி சொல்லும் கதையைப் பதிந்துவந்து வகுப்பில் எழுத்தாக்கச் சொல்லும் மொழிப் பாடமோ எழுத, இணையமும் வேண்டியதில்லை, 39 செயலிகளும் வேண்டியதில்லை. ஓர் ஆசிரியர் குழுவுக்குச் சில வார உழைப்பு போதும். குழந்தைகள் அந்தச் செயலியைத் திறந்துகொண்டேதான் இருந்தார்கள். பாடநூலின் எந்தப் பக்கமும் அதைத் திறக்கச் சொல்லவில்லை.